பாதி காலியான சம்பால் பாட்டிலை ஏன் பிடுங்கினார்கள்?

பினாங்கு விமான நிலையத்தில் அம்மா கொடுத்த சம்பாலை (மிளகாய் விழுது), 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருந்தும் ஏன் விடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விதி பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை, உள்ளே மிச்சம் இருப்பதை அல்ல. 100 மில்லிக்கு மேல் கொள்ளும் பாட்டில் என்றால் கையில் கொண்டு போக முடியாது. சம்பால், ஊறுகாய், தைலம் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும்.

2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட சதிதான் இதற்குக் காரணம். குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை விமானத்துக்குள் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார்கள். பழைய எக்ஸ்ரே கருவிகளால் எது தண்ணீர், எது வெடிபொருள் என்று தெளிவாகப் பிரிக்க முடியாது. பல கோணங்களில் படமெடுக்கும் புது சிடி (CT) ஸ்கேனர்களால் பெருமளவு முடியும். அவை எல்லா இடத்திலும் இல்லாததால், ஒரு நிலையத்தில் விட்டதை அடுத்ததில் தடுக்கிறார்கள்.

எனக்குக் கோபம் விதி மேல் இல்லை, அதை நடத்தும் விதத்தில்தான். ஆபத்தானது என்று வாங்கிய பாட்டிலை வரிசைக்குப் பக்கத்திலேயே தொட்டியில் வீசுகிறார்கள். காரணம் கேட்கும் வயதானவர்களுக்கு "சாத்தியமில்லை, நகருங்க" என்பதுதான் பதில். பெட்டியை ஒப்படைக்கும் செக்-இன் கவுண்டரிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த பாட்டில் பெட்டிக்குள் போயிருக்கும்.

மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டைக் கையோடு வைத்திருங்கள். மறுத்தால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.