காய்தொண்டேயின் வண்ணப் பரப்பு

வணக்கம். டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் வி.எஸ். காய்தொண்டேயின் ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். ஆள் இல்லை, மரம் இல்லை, தலைப்பும் இல்லை. ஒரே நிறம், ஆங்காங்கே சில கறைகள். 2013-ல் இவர் ஓவியம் ஒன்று 23 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனதாம். இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எனக்குத்தான் ரசனை போதவில்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரசனைக் குறைவெல்லாம் இல்லை. கதை தேடிப் பழகிய கண்ணோடு போயிருக்கிறீர்கள். காய்தொண்டே எதையும் ஒளித்துவைத்து நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அவர் நம் முன் வைப்பது வண்ணப் பரப்பை மட்டும்தான்.

அது உருவாகும் விதம் தெரிந்தால் பார்வை மாறும். ரோலரும், வண்ணம் குழைக்க உதவும் தட்டையான பேலட் கத்தியும்தான் அவருடைய முக்கியக் கருவிகள். எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மெல்லிசாகப் பூசுவார். அதன்மேல் இன்னொரு பூச்சு, பிறகு இன்னொன்று. நடுவில் கத்தியால் வழித்தெடுப்பார். பத்திரிகைத் தாள்களைக் கிழித்து, வண்ணம் தடவி, கேன்வாஸில் ஒற்றியெடுப்பார். நீங்கள் கறை என்பது அந்த ஒற்றலின் தடமாக இருக்கலாம். அடிப்பூச்சு மேல்பூச்சின் வழியே கசிவதால், ஒரே நிறமாகத் தோன்றுவது உள்ளிருந்து ஒளிர்கிறது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஓவியங்களே முடித்தார். அந்த நிதானத்தைத்தான் நான் அவரிடம் பெரிதாக மதிக்கிறேன்.

உருவம் வரையத் தெரியாமல் இங்கே வந்துசேர்ந்தவர் அல்ல. 1924-ல் நாக்பூரில் பிறந்து பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர். நம் சிற்றோவியங்களை ஊன்றிப் பயின்றார். பிறகு அவற்றின் உருவங்களை விலக்கிவிட்டு, எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கத் தொடங்கினார். ஜென் பௌத்தமும் ரமணரும் அவரை ஈர்த்ததில் வியப்பில்லை. 1964-ல் ராக்கஃபெல்லர் நல்கை பெற்று நியூயார்க் போனார். 1984-ல் நேர்ந்த விபத்துக்குப் பின் சில காலம் பெரிய கேன்வாஸை விட்டு, தாளில் சிறிதாக வரைந்தார்.

ஏலத்தொகையை விட்டுவிடுங்கள். அவர் 2001-லேயே மறைந்துவிட்டார். அந்தக் கோடிகளில் ஒரு ரூபாயும் அவர் கைக்கு வந்ததில்லை.

அடுத்த முறை ஓவியத்தின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வழித்த இடமும் தடித்த இடமும் தனித்தனியாகத் தெரியும். பிறகு பத்தடி பின்னால் வந்து, அவசரப்படாமல் நில்லுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால், எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று எழுதுங்கள். பேசுவோம்.