வீட்டுப் பத்திரத்தை வச்சு எம்.பி.ஏ. வேண்டாம்க்கா

அக்கா, போன சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்துட்டுப் போனதுல இருந்து மனசுல இதேதான் ஓடிட்டு இருக்கு. பி.ஏ. சோசியாலஜி முடிக்கப் போறா, பெரியப்பா எம்.பி.ஏ.ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார், சீட்டும் அவரே பேசி வச்சிட்டார். கவலைப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன், ஆனா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல. அதைச் செய்யாதீங்க. படிக்கிற காலத்துலயே வட்டி ஏற ஆரம்பிச்சிடும், தவணை கட்டப்போறது பெரியப்பா இல்ல, நீங்கதான்.

அவ காட்டின நோட்டைப் பாத்தீங்களா நீங்க? ஃபீல்டு வொர்க்குக்குப் போன ஸ்கூல்ல ஒன்பதாம் கிளாஸ் பெஞ்சு ஒவ்வொண்ணையும் கட்டம் போட்டு வரைஞ்சிருக்கா. யார் எந்தத் தெருவுல இருந்து வர்றா, யார் யார்கூட உக்காந்து சாப்பிடுறா, பீடி சுத்துறதுக்காக எந்தப் பிள்ளை லீவு போடுது, எல்லாம் பென்சில்ல குறிச்சிருக்கா. யாரும் அவளைச் செய்யச் சொல்லல. இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் மார்க்கெட்டிங் கிளாஸ்ல உக்கார வைக்கிறது எனக்கு ஒப்பலக்கா.

ஐ.ஏ.எஸ்., பேங்க் எக்ஸாம் எல்லாம் ஊரே சொல்லும், அதை விடுங்க. யாரும் யோசிக்காத ஒரு வழி இருக்கு, பி.எட். காலேஜ்ல வாத்தியார் ஆகுறது, அதாவது வாத்தியார்களை உருவாக்குற வாத்தியார். வாத்தியார் படிப்புகளுக்கு விதி போடுற என்.சி.டி.இ.யோட 2014 விதிப்படி 100 பேர் படிக்கிற பி.எட். காலேஜுக்கு 16 ஃபேக்கல்டி வேணும், அதுல 4 இடம் கல்வியோட அடிப்படைப் பாடங்களுக்கு. பள்ளிக்கூடத்துக்குள்ள சாதி, வறுமை, பொம்பளைப் பிள்ளைங்க படிப்பு எப்படி வேலை செய்யுதுன்னு வருங்கால வாத்தியார்களுக்கு சொல்லிக் குடுக்கறது இவங்கதான். தகுதி என்னன்னா சோசியாலஜி மாதிரி ஒரு சமூக அறிவியல்ல பி.ஜி., கூடவே எம்.எட்., ரெண்டுலயும் 55 சதவீதம். இல்லன்னா எம்.ஏ. எஜுகேஷனும் பி.எட்.டும்.

நம்ம ஸ்டேட்ல சோசியாலஜி பிள்ளைங்களுக்கு பி.ஏ. முடிச்ச கையோட பி.எட். கிடைக்காது, எம்.ஏ. வேணும். அதனால முதல்ல எம்.ஏ. திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டில மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டிலயே சோசியாலஜி டிபார்ட்மென்ட் இருக்கு, ஆலங்குளத்துல இருந்து தினம் பஸ்ல போய்ட்டு வந்துடலாம், ஹாஸ்டல் காசு மிச்சம். கடைசி வருஷத்துலயே நெட், அதாவது காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு, எழுதட்டும், ஜூன் டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது. அதுல நல்ல மார்க் எடுத்து ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபா, பள்ளிக்கல்வியைப் பத்தியே பி.எச்டி. பண்ணலாம், உங்ககிட்ட கை நீட்டவே வேண்டாம். கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் அந்த வாத்தியார் வேலைக்கு பி.எட். 2 வருஷம், எம்.எட். 2 வருஷம் படிக்கணும். எம்.எட்.டுக்கு மைசூர்ல மத்திய அரசோட என்.சி.இ.ஆர்.டி. நடத்துற ஆர்.ஐ.இ.ங்கற வாத்தியார் பயிற்சி காலேஜ் இருக்கு, சென்னை சைதாப்பேட்டைல கவர்மென்ட் காலேஜ் இருக்கு, 1856ல ஆரம்பிச்சது.

எம்.ஏ., பி.எட்., எம்.எட். சேர்த்து மொத்தம் 6 வருஷம், நீளம்தான், அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுப்பாங்க, எடுக்கட்டும். இன்னொண்ணு, சில தனியார் பி.எட். காலேஜ்ல பேப்பர்ல ஒரு சம்பளம் கையில ஒரு சம்பளம், அந்த மாதிரி இடத்துல சேரக்கூடாதுன்னு இப்பவே பாப்பாகிட்ட சொல்லி வைங்க. நெட்டை விடாம எழுதச் சொல்றதும் அதுக்குத்தான், நெட் இருந்தா கவர்மென்ட் காலேஜ் பக்கமும் கதவு திறக்கும்.

பி.எட்.டுக்கும் பெரிய டொனேஷன் கேக்குற காலேஜ்னா வேண்டாம், ஒரு வருஷம் காத்திருந்து கவர்மென்ட் சீட்டுக்கே ட்ரை பண்ணட்டும். அந்த எம்.பி.ஏ. சீட்டுக்கு அட்வான்ஸ் இன்னும் கட்டலன்னா கட்டாதீங்கக்கா. பெரியப்பாகிட்ட பேச உங்களுக்கு சங்கடமா இருந்தா இந்த ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன், பாப்பாவை அந்த நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.