நான்காவது சுற்றில் பிரேக் பெடல் தரையைத் தொட்டால்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். செப்பாங் பந்தயத் தளத்தில் முதல் ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாள். மூன்று சுற்று அருமையாகப் போயிருக்கிறது. நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவுக்கு பிரேக் மிதித்தால் பெடல் மெத்தென்று தரைவரை இறங்கிவிட்டது. விட்டு விட்டு இரண்டு மூன்று முறை மிதித்து எப்படியோ நிறுத்தியிருக்கிறார். பிட்டில் (ட்ராக்கோரம் வண்டி நிறுத்துமிடம்) அரைமணி நேரம் நின்றதும் பெடல் பழையபடி ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது பெரிய பிரேக் கிட் போடச் சொன்னார்களாம். வண்டியை நிறுத்தியதும் கூலன்ட் வாடை வேறு அடிக்கிறது. அடுத்த ட்ராக் டே மூன்று வாரத்தில். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலில், பெரிய கிட் இப்போது வேண்டாம். உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாமே அதைத்தான் காட்டுகின்றன.

பெடலின் குணத்தை வைத்தே நோயைப் பிரித்துவிடலாம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, எரிந்த வாடை வருகிறது என்றால் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை, சூடு தாங்கவில்லை. பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது, விட்டு விட்டு மிதித்தால் மேலே வருகிறது, ஆறினால் சரியாகிறது என்றால் ஆயில் கொதித்து, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் காலின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதில் போய்விடுகிறது. இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். என்ஜின் ஓட, வண்டி நிற்க, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்காவது ஒழுகுகிறது, அல்லது மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கிறது. அப்படியானால் அதைச் சரிசெய்யாமல் ரோட்டில்கூட ஓட்டாதீர்கள்.

ஏன் நான்காவது சுற்றில் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செப்பாங் 5.543 கி.மீ., 15 வளைவுகள். இரண்டு பெரிய நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் கடுமையான பிரேக். உங்களோடு சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 180-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு இறங்க சுமார் 11 லட்சம் ஜூல் வெப்பம் டிஸ்க்குகளில் இறங்குகிறது. ரோட்டில் 100-லிருந்து முழுசாக நிற்பதற்கு அதில் பாதிகூட ஆகாது. ரோட்டில் அப்படி நிறுத்துவது என்றைக்கோ ஒரு நாள். இங்கே சுற்றுக்குச் சுற்று. உங்கள் முன் டிஸ்க் அப்படியொன்றும் பெரிதில்லை. சூடு பேட் வழியாக காலிப்பரின் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் வந்து சேர இரண்டு மூன்று சுற்று பிடிக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரநிலை உறுதியளிப்பது 155 டிகிரிதான். மலேசியாவின் ஈரக் காற்றில் ரொம்ப நாள் மாற்றாமல் கிடந்த ஆயில் செப்பாங்கில் கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆறியதும் பெடல் திரும்பிவிட்டதே என்று அந்த ஆயிலை நம்பாதீர்கள். நல்ல டாட் 4 அல்லது 5.1 வாங்கி முழுசாக மாற்றுங்கள். டாட் 5 வேண்டவே வேண்டாம், அது சிலிக்கோன்; மற்றதோடு கலக்காது.

மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. காலிப்பரில் ஆயில் வெளியேறும் நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபை மாட்டி, ஒருவர் மிதிக்க, ஒருவர் திறக்க வேண்டும்; நிப்பிளை மூடிய பிறகுதான் கால் மேலே வரவேண்டும். பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வரும். நடுநடுவே மணி கோத்ததுபோல் குமிழி ஓடும். நிறம் வெளுத்து, குமிழி நின்று, அதற்கு மேலும் பத்து மிதி வரை விடாதீர்கள்.

கூடவே ட்ராக்குக்குத் தாங்கும் பேட், நான்கு சக்கரத்துக்கும். ரோட்டில் கொஞ்சம் கிரீச்சிடும், தூசி கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின் காலிப்பரில் பலர் தவறு செய்கிறார்கள், இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த வண்டியில் பின் பிஸ்டனை கிளாம்ப் வைத்து உள்ளே அமுக்கக் கூடாது. காலிப்பருக்குப் பின்பக்கம் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும். இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் பின்வாங்கும். புது பேட் போட்டபின், டிஸ்க்கைத் தொட்டு நிற்கும்வரை வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஆயில் புதிதாக இருந்தும் பெடல் நீளமாகவே, அதாவது வெகுதூரம் மிதித்த பிறகே பிடிப்பதாக, இருக்கும். காலிப்பர் சறுக்கும் பின்களையும் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவுங்கள். பின்னால் இருப்பவை இறுகிப்போவது இந்த வண்டியின் பழைய வியாதி.

பெரிய கிட்டை நான் தடுப்பதற்குக் காரணம் செலவு மட்டுமில்லை. முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன்பின் சமநிலை மாறும், சக்கரத்தில் எடை கூடும். லேசாக இருப்பதுதான் இந்த வண்டியின் சொத்து. நல்ல ஆயிலும் பேடும் போட்ட பிறகும் சூடு மிஞ்சினால் அப்போது யோசிக்கலாம்.

சரி, கூலன்ட் வாடை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி முதலில் கறுப்பாக இருந்தது. இப்போது பழுப்பேறியிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில் கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ரேடியேட்டர், மூடி, ஹோஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் முன்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்தது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

டேஷ்போர்டில் முள் நடுவில்தான் நின்றது என்கிறீர்கள். உங்கள் மாடலில் அந்த முள் கொஞ்சம் சூடு கூடினாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது நகரும்போது நேரம் கடந்திருக்கும். ஆயில் பிரஷர் முள்ளும் அப்படித்தான், உள்ளே இருப்பது வெறும் ஸ்விட்ச். பெரிய கிட்டுக்கு வைத்த பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, உண்மையான கூலன்ட் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று போடுங்கள்.

என்ஜின் ஆயிலை மேல் கோடு வரை வைத்து, ஒவ்வொரு முறை இறங்கியதும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் ஹப் பேரிங் போயிருக்கலாம். அதுவும் பெடலை நீளமாக்கும், டிஸ்க் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால். சக்கர நட்டுகளுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள்.

அன்றைக்கு மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக, அப்புறம் பிட். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள். சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு நேர்ப்பாதையிலும், பிரேக் போடும் இடத்துக்கு வெகு முன்பே இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டு தட்டிப் பழகுங்கள். வழக்கத்தைவிட ஒரு விரல் கூடுதலாக இறங்கினால் அங்கேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு பிட்டுக்கு வந்துவிடுங்கள்.

பின் இடது சக்கரத்தில் முதலில் வந்த ஆயில் என்ன நிறம் என்று மறக்காமல் எழுதுங்கள்.