சிங்கப்பூரில் வேலை பார்த்து, உலகப் பொதுச் சுகாதாரத்தையே மாற்றிய மருத்துவர் யாராவது உண்டா? மகளின் பள்ளிப் புராஜெக்டுக்கு வேண்டும்.

உண்டு. தயங்காமல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸை எடுக்கச் சொல்லுங்கள். 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். புரதக் குறைவால் குழந்தைகளின் உடல் வீங்கும் குவாஷியோர்கர் நோயை, இன்றைய கானாவில் ஆராய்ந்து மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அப்புறம்தான் சிங்கப்பூரும் சேர்ந்திருந்த அன்றைய மலாயாவுக்கு வந்தார்.

இங்கே அவர் கண்டது டின் பால் கொடுமை. காப்பிக்கடைத் தேத்தண்ணியில் ஊற்றுகிறார்களே, அதே கெட்டியான இனிப்புப் பால்தான். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்குச் சர்க்கரை போகும், தேவையான சத்து போகாது. விற்பனை நிறுவனங்களோ தாதிபோல உடுத்திய பெண்களை அனுப்பி, தாய்ப்பால் நன்றாகவே சுரந்த அம்மாக்களைக்கூட மாற வைத்தன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்றே தலைப்பு வைத்துப் பேசினார். இப்படிச் சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலையாகத்தான் கருத வேண்டும் என்றார். காலனி ஆட்சியில் ஒரு பெண் மருத்துவர் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து ஆண்ட காலத்தில், இங்குள்ள சாங்கியில் சிறைப்பட்டார். அங்கே பிறந்த குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கிடைக்கப் பாடுபட்டார்.

1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1981இல் அந்நிறுவனம் தாய்ப்பாலுக்கு மாற்றான பால் விற்பனைக்குச் சர்வதேச நெறிமுறை வகுத்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.