சாரதி சீற்றின் ஓரத் தோல் வெளுத்ததற்கு

சாரதி சீற்றில் ஏறி இறங்கும் ஓரம் மட்டும் வெளுத்து மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கிறது, சப்பாத்துப் பொலிஷ் பூசினால் காற்சட்டையில் ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உறையையே மாற்றச் சொல்கிறார்கள் என்று அவசரப்படாதீர்கள். தோல் கிழியவில்லை என்றால் தாராளமாக மீட்கலாம்.

முதலில் அந்தப் பொலிஷ் முழுதாகப் போக வேண்டும். அதிலுள்ள மெழுகின் மேல் எந்த நிறமும் பிடிக்காது. லெதர் கிளீனரும் மென்மையான பிரஷும் போட்டுத் தேய்த்து, அப்புறம் ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். அழுத்தினால் பழைய நிறமும் கழன்று வரும், கவனம். காய்ந்ததும் 600 நம்பர் அரத்தாளால் சொரசொரப்பை மெதுவாக எடுத்து, வெடிப்பை நிரப்பும் பசையான லெதர் ஃபில்லரை அதில் மெல்லியதாக இழுத்து விடுங்கள். ஓரத்தில் ஏர்பேக் லேபிள் இருந்தால் அந்தத் தையலில் ஃபில்லர் படவே கூடாது. விபத்தில் அந்தக் காற்றுப்பை விரிந்து வெளிவரும் வழி அது.

நிறத்துக்கு, ஊறும் சாயம் வேண்டாம். பெரும்பாலான கார் சீற் தோலில் மேற்பூச்சு இருப்பதால் அது ஒழுங்காக இறங்காது. தோலின் மேலே படியும் நிறப்பூச்சான, தண்ணீர் கலந்த லெதர் பிக்மென்ற் கேளுங்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடப் போகும்போது ஹெட்ரெஸ்டைக் கழற்றிக் கொண்டுபோய், கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள்.

ஸ்பொஞ்சால் மெல்லிய பூச்சாகப் போடுங்கள், ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. கொழும்புப் புழுக்கத்தில் காய நேரமெடுக்கும். மழை நாளில் தொடங்க வேண்டாம். கடைசியில் நிறத்தைக் காக்கும் பளபளப்பில்லாத டொப் கோட் கட்டாயம், இல்லாவிட்டால் நிறம் மறுபடி உடுப்பில்தான் ஒட்டும்.