இரவல் அட்டையில் திறந்த கணக்கு

கேள்வி: கேமரா முன் உடம்பைக் காட்டி நேரலையில் சம்பாதிக்கிற வெப்கேம் தளங்களில் வேலை செய்யப் போனால் அடையாள அட்டை, முகத்தைத் திருப்பித் திருப்பி வீடியோ என்று உயிரை வாங்குகிறார்கள். பிரிட்டனில் பெரிய தண்டப்பணமும் உண்டாம். எல்லாரும் வயது வந்தவர்கள்தானே? சிநேகிதியின் அட்டையைக் கொடுத்துக் கணக்குத் திறந்தால் யாருக்கு என்ன நட்டம்?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: நட்டம் உங்களுக்குத்தான் சகோதரி. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் கட்டாயமானது பார்க்க வருகிறவரின் வயதுச் சோதனை. மீறும் தளத்துக்கு 18 மில்லியன் பவுண் அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், இதில் எது கூடவோ அதுவரை தண்டம். சரி, அது தளத்துக்காரரின் தலைவலி. உங்களிடம் அட்டை கேட்பது வேறு விஷயம். கேமராவில் தோன்றுகிறவரின் வயதை அட்டை பார்த்துப் பதிந்து வைக்கவேண்டும் என்று அமெரிக்காவில் 1988இலேயே சட்டம் வந்துவிட்டது, மீறினால் முதல் தடவைக்கே 5 வருடம் வரை சிறை. 2021 ஒக்டோபரிலிருந்து, கார்ட் மூலம் பணம் செலுத்த வழி செய்கிற மாஸ்டர்கார்ட் நிறுவனமும் தோன்றுகிற எல்லாருடைய வயதையும் அடையாளத்தையும் சரிபார்க்கச் சொல்லித் தளங்களை நெருக்குகிறது. அதனால்தான் பக்கத்தில் ஒரு நிமிடம் வந்து உட்காருகிறவருக்கும் பதிவு கேட்கிறார்கள். ஆள்மாறாட்டம் பிடிபட்டால் கணக்கு போய்விடும், அதில் கிடக்கிற காசும் பெரும்பாலும் அதோடு போகும்.

காசைக்கூட விடுங்கள். உங்கள் வீடியோவை எவனோ பதிவுசெய்து வெளியே விட்டுவிட்டான் என்று வையுங்கள். அதை நீக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதுகிறீர்கள், நீங்கள் யார் என்று கேட்கிறார்கள், அவர்களுடைய பதிவேட்டில் இருப்பதோ சிநேகிதியின் பெயர். உங்கள் உடம்பு அங்கே இருக்கிறது, நீங்கள் இல்லை! சிநேகிதியின் நிலைமையும் லேசானதல்ல. ஆபாச வெளியீடுகள் பற்றிய 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்னும் இருக்கிறது, பொலிஸ் விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது அவளுடைய வீட்டுக் கதவு.

இந்த யோசனையை உங்களுக்குச் சொல்லித் தந்தது யார்? ஏஜென்ட் ஒருவன் என்றால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. கணக்கும் பாஸ்வேர்டும் அவன் கையில், பணம் விழுவது அவன் வங்கியில், அட்டைப் படமும் அவன் போனில். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் இருக்கிறது, பின்பக்கம் விலாசம். நாளைக்கு நீங்கள் விலகப் பார்த்தால் அதை வைத்தே மிரட்டுவான்.

அட்டையை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அவனோடு பேசிய செய்திகளை அழிக்காதீர்கள். மிரட்டல் வந்தால் ஒரு சதமும் அனுப்பாமல் 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். சிநேகிதியிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.