படித்தவர்களும் போராட்டமும்: புதுச்சேரி, கடலூர் வாசகர்களுக்கு ஒரு வரலாற்று ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (லாஸ்பேட்டை): சார், பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடம் கட்டிப் படிக்க வைத்தான். அங்கே படித்தவர்களே அவனை எதிர்த்தது நியாயமா?

பதில்: எல்லாம் அவன் கட்டியது என்று யார் சொன்னது? மிஷன் வீதி கல்வே கல்லூரி நம்மூர் சுப்புராயச் செட்டியார் கொடையில் எழுந்தது. அங்கே படித்தவர்தான் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா. விடுதலை, சமத்துவம் என்று வகுப்பில் படித்துவிட்டு வெளியே வந்தால், மில்லில் தொழிலாளிக்கு வேலை நேரத்துக்குக் கணக்கே இல்லை. சும்மா இருக்க முடியுமா? 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரி வந்துபோனார். அதே வருடம் ஜூனில் சுப்பையா ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்கினார். 30-7-1936 அன்று வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

கேள்வி (வில்லியனூர்): இந்தியாவோடு இணைவதா என்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்ததே, அதில் நாம் எல்லோரும் ஓட்டுப் போட்டோமா?

பதில்: இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய 170, எதிர்த்து 8. நாள் 18-10-1954.

கேள்வி (முத்தியால்பேட்டை): பாரதிதாசன் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்தானே ஐயா?

பதில்: ஆமாம். 1909இல் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946இல்தான் ஓய்வு பெற்றார். அந்த வேலையில் இருந்துகொண்டே கதர்த் துணியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார். இன்றைய வாத்தியார்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கேள்வி (கடலூர் முதுநகர்): எங்கள் ஊர் அஞ்சலை அம்மாள் எவ்வளவு படித்தவர்?

பதில்: திண்ணைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் அம்மா. 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீல் சிலையை அகற்றச் சொல்லிப் போராடியபோது, சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிப்போனார். 1857இல் வடக்கே கண்டபடி ஆட்களைத் தூக்கிலிட்ட தளபதி அந்த நீல். தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். அப்புறம் காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தம் ஆசிரமத்தில் படிக்க வைத்தார். இன்னொரு முறை அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாகவே வேலூர்ச் சிறைக்குப் போனார். பிள்ளை பெற வெளியே விட்டார்கள். பெற்றதும் கைக்குழந்தையோடு மறுபடியும் சிறை. அந்தப் பிள்ளையை ஊரே ‘ஜெயில் வீரன்’ என்று கூப்பிட்டது. 1937இல் சென்னை சட்டசபைக்குத் தேர்வானார்.

கேள்வி (அவரே): அந்தச் சிலை?

பதில்: அதே 1937இல் ராஜாஜி அரசு மவுண்ட் ரோட்டிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.